முப்பது மீட்டர் கோட்டில் ஒரு கோணல்

கண்ணாடிதான் சரியில்லை, வேறென்ன இருக்க முடியும் என்று மூன்றாவது தடவையாகத் தனக்குத்தானே சொல்லிக்கொண்டு கோகிலவாணி ஸ்கோப்பை மறுபடியும் மேஜை விளக்குக்குக் கீழே கொண்டுவந்தாள். மணி பதினொன்று இருபது. டாக்டர் இளஞ்சேரன் நாலு மணிக்கு வருகிறேன் என்றிருக்கிறார். வனத்துறை மிருக வைத்தியர், நாலு என்றால் நாலுக்கு வந்து நிற்கிற மனிதர், அவர் போன பிறகும் அரை மணி நேரம் கடையில் யானைச் சாணம் மணக்கும். அவருடைய துப்பாக்கி ஆளைக் கொல்கிற துப்பாக்கி இல்லை, மயக்க ஊசி போடுகிறது. துப்பாக்கியை மலைமேலேயே வைத்துவிட்டு, அதன் தலைமேல் உட்காருகிற, குறிபார்க்கிற ஸ்கோப்பை மட்டும் துண்டில் சுற்றிக் கொண்டுவந்து கொடுத்திருந்தார். "பழைய கிராஸ் வேண்டாங்க மேடம். ஊசி கனமுங்க, போகப் போகக் கீழ எறங்குது. இருபது மீட்டர்ல ஒரு எடம், நாப்பது மீட்டர்ல வேற எடம். இப்ப மனசுலயே கணக்குப் போட்டுக் கொஞ்சம் மேல தூக்கிப் புடிச்சுச் சுடறேன். நான் கணக்குப் போட்டு முடிக்கற வரைக்கும் யானை நிக்குமுங்களா?" நிற்காதுதான். அதற்காகத்தான் இந்தப் புதுக் கண்ணாடி, சட்டைப் பொத்தான் அளவு வட்டம், அதில் முடியைவிட மெல்லிசாக ஒரு சிலுவை, சிலுவையின் நெடுங்கோட்டில் நடுவுக்குக் கீழே மூன்று குட்டிக் குறுக்குக் கோடுகள், முப்பது மீட்டருக்கு ஒன்று, நாற்பதுக்கு ஒன்று, ஐம்பதுக்கு ஒன்று. பழைய கம்பிச் சிலுவையைக் கழற்றி, மூச்சை அடக்கி, சாமணத்தால் விளிம்பை மட்டும் பிடித்து இதை உள்ளே இறக்கி, வளையத்தைத் திருகி, கண்ணை வைத்துப் பார்த்தால் எல்லாம் அழகாக இருக்கிறது, அந்த முப்பது மீட்டர் கோட்டுப் பக்கத்தில் நெடுங்கோடு மட்டும் வலப்பக்கம் லேசாகப் புடைத்துக்கொண்டு நிற்கிறது. நடந்துபோகிற ஒருத்தி இடுப்பை ஒடித்த மாதிரி. சின்னதுதான், வேறு யாருக்கும் தெரியாது, ஆனால் வேறு யாருக்கும் தெரியாததைப் பார்ப்பதுதானே அவள் பிழைப்பு.

முதல் தடவை தூசி என்று நினைத்தாள். கழற்றி, ரப்பர் குமிழால் ஊதி, திரும்பப் போட்டாள். இரண்டாம் தடவை வளையத்தை அதிகம் இறுக்கிவிட்டோம், கண்ணாடி நெரிபட்டுக் கோணுகிறது என்று நினைத்தாள், கண்ணாடி அப்படியெல்லாம் கோணாது, விரிசல்தான் விடும் என்று நன்றாகத் தெரிந்தும் அப்படி நினைத்தாள், வளையத்தைக் கால் சுற்று தளர்த்தினாள். புடைப்பு அங்கேயே இருந்தது. அங்கேயே என்றும் சொல்ல முடியாது. முப்பது மீட்டர் கோட்டையே நேராக உற்றுப் பார்த்தால் முப்பது சமர்த்தாக நின்றது, புடைப்பு நாற்பதுக்கு இறங்கிவிட்டது. நாற்பதைப் பார்த்தால் ஐம்பதுக்கு ஓடியது. திரும்பச் சிலுவையின் நடுவைப் பார்த்தால் பழையபடி முப்பதில் வந்து உட்கார்ந்துகொண்டது. இதென்ன கண்ணாமூச்சி என்று எரிச்சல் வந்தது. எரிச்சலுக்குக் கீழே வேறொன்றும் வந்தது, அதை அவள் பார்க்கவில்லை, பார்க்காமலிருக்கப் போனை எடுத்துக் கோடு பொறித்துக் கொடுத்த சம்பத்தைக் கூப்பிட்டாள். "சம்பத், உங்க கோடு வளைஞ்சிருக்குதுங்க, முப்பதுகிட்ட." அந்தப் பக்கம் மெஷின் சத்தம் நின்றது. "மேடம், வளைய வாய்ப்பே இல்லீங்க. மைக்ராஸ்கோப்புல வெச்சு நானே பாத்துட்டுத்தான் டப்பாவுல போட்டேன். நேராத்தான் இருக்குதுங்க மேடம்." அவன் பொய் சொல்கிறவன் இல்லை. போட்டோகூட எடுத்து வைத்திருக்கிறானாம், அனுப்பட்டுமா என்றான். வேண்டாம் என்றாள். ஏன் வேண்டாம் என்றாள்? அனுப்பு என்றிருந்தால் ஒரு நிமிஷத்தில் தீர்ந்திருக்கும். நேராத்தான் இருக்குதுங்க. இதே வார்த்தை, இதே மாதிரி நடுவில் கொஞ்சம் மனம் நொந்து, வேறு ஒரு வாயிலிருந்து வந்து காதில் விழுந்திருக்கிறது, எங்கே, யார், அட அது எதற்கு இப்போது என்று அவள் டம்ளரில் மிச்சமிருந்த ஆறின டீயைக் குடித்தாள். ஏலக்காய் அடியில் தங்கிக் கசந்தது.

அற்புதராஜ் மேஸ்திரி. அவர்தான். மூன்று மாசத்துக்கு முன்னால் வீட்டுக் குளியலறைக்கு டைல்ஸ் ஒட்டினார். இருபது வருஷமாகத் தெரிந்தவர், இந்தக் கடைக்கு அலமாரித் திட்டு கட்டியதும் அவர்தான், அன்றைக்குக் கட்டின திட்டில் இன்றைக்கும் ரசமட்டத்தை வைத்தால் குமிழி நடுவில் வந்து நிற்கும். டைல்ஸ் ஈரம் காய்வதற்குள் இவள் பார்க்கப் போனாள், போனவள் சும்மா பார்த்தாளா, தொழில் புத்தியில் இடது கண்ணைச் சாத்திக்கொண்டு வலது கண்ணால் டைல்ஸ் இடுக்குக் கோட்டை மேலிருந்து கீழே பிடித்துப் பார்த்தாள். கோடு நடுவில் புடைத்திருந்தது. "மேஸ்திரி, இது கோணலா இருக்குதுங்க." அவர் எழுந்து வந்து நூல் பிடித்தார், நூலும் கோடும் ஒட்டிக்கொண்டு கிடந்தன. "நேராத்தான் இருக்குதுங்க்கா. எந்த எடத்துலீங்க?" இவள் விரலை வைத்துக் காட்டினாள். அவர் அந்த இடத்தில் தன் சிமெண்ட் விரலை வைத்தார். "இங்கீங்களா?" "இல்ல, இன்னும் கொஞ்சம் கீழ." "இங்கீங்களா?" "அதுக்கும் கீழ." அவர் அவளை ஒரு பார்வை பார்த்தார். அந்தப் பார்வைக்கு அன்றைக்கு அவள் வைத்த பெயர் திமிர். முருகவேலைக் கூப்பிட்டுக் கேட்டாள், கல்யாணமாகி இருபத்தேழு வருஷத்தில் எந்தப் பஞ்சாயத்திலும் ஒரு பக்கம் சாயாத மனிதர் அவள் கணவர், வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு வந்து எட்டிப் பார்த்து, "எனக்கு நேராத்தான் தெரியுது" என்றார். "உங்களுக்கு எதுதான் கோணலாத் தெரிஞ்சிருக்குது" என்று அவர் வாயை அடைத்தாள். மேஸ்திரி உளியை எடுத்து, தான் ஒட்டினதைத் தானே மூன்று வரிசை உடைத்தார். உடைக்கிற சத்தம் வீடு முழுக்கக் கேட்டது. மறுநாள் புதிதாக ஒட்டினார். இவள் போய்ப் பார்த்தாள், இடது கண்ணை மூடிக்கொண்டு, புடைப்பு அப்படியே இருந்தது. இந்தத் தடவை வாயைத் திறக்கவில்லை, இந்த ஆளுக்கு இவ்வளவுதான் வரும் என்று முடிவுகட்டிக்கொண்டு "பரவால்லீங்க" என்றாள். அதோடு விட்டிருந்தாலாவது போகட்டும். பக்கத்து வீட்டு ராஜலட்சுமியம்மா மாடி எடுக்கிறேன், மேஸ்திரி எப்படி என்று கேட்டபோது, காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, "நல்ல மனுசருதானுங்க, ஆனா இப்பெல்லாம் கை போயிருச்சு" என்று சொன்னாள். கை போயிருச்சு. மாடி வேலையை வேறு ஆள் செய்கிறான்.

அவளிடம் ஒரு சோதனை இருக்கிறது. அதைச் செய்ய ஒரு கருவியும் வேண்டாம், அரை நிமிஷம்கூட ஆகாது. பைனாகுலரைத் தூக்கிக்கொண்டு வருகிறவர்கள், சர்வே ஆட்கள், பறவை பார்க்கிற ஐ.டி. பையன்கள், ரைபிள் கிளப் மாமாக்கள், யாராவது வந்து உள்ளே ஏதோ புள்ளி தெரியுதுங்க என்பார்கள். இவள் கையில்கூட வாங்க மாட்டாள். "கண்ண எடுக்காம அப்படியே குழாயச் சுத்துங்க. புள்ளி கூடவே சுத்துதா, நின்ன எடத்துலயே நிக்குதா?" சுற்றினால் கோளாறு கருவியில், கழற்றிப் பார்க்கலாம். நின்ற இடத்திலேயே நின்றால், "கருவி நல்லா இருக்குதுங்க, கண் டாக்டரப் பாருங்க" என்று சிரித்துக்கொண்டே அனுப்பிவைப்பாள். இதுவரை நாலைந்து பேரை அனுப்பியிருப்பாள். அதில் ஒருவர், கோர்ட்டில் வேலை பார்த்தவர், அந்த வார்த்தையைக் கேட்டுவிட்டு உடனே போகாமல் இந்த ஸ்டூலில் கொஞ்ச நேரம் உட்கார்ந்திருந்தார், ஏன் உட்கார்ந்திருக்கிறார், வேறு வேலை இல்லையா என்று இவள் நினைத்தாள். இப்போது ஸ்கோப் கையில் இருக்கிறது. சுற்றலாம். கை ஸ்கோப்பின் நடுவில் பிடித்திருக்கிறது, மணிக்கட்டைத் திருப்பினால் போதும். திருப்பாமல் லென்ஸ் துடைக்கிற துணியை மடித்தாள். இன்னொரு துணியையும் மடித்தாள். முருகவேல் போன் பண்ணினார், சாப்பிட்டாச்சா என்றார், இன்னும் இல்லை என்றாள், தயிர் சாதத்தில் மாதுளை போட்டிருக்கிறேன், அதை எடுத்து ஓரம் வைத்துவிடாதே என்றார். "ஏங்க," என்று ஆரம்பித்தாள். "என்ன?" "ஒண்ணுமில்ல, வெச்சுருங்க." என்னவென்று சொல்வது. ஒரு கோடு ஓடி ஓடிப் பிடி கொடுக்க மாட்டேன் என்கிறது என்றா. அந்த மனிதர் உடனே பஸ் ஏறி வந்துவிடுவார். வந்து பக்கத்தில் நிற்பார். அவர் பக்கத்தில் நின்றால் அது உண்மையாகிவிடும்.

பயமா என்று கேட்டால் பயம்தான். ஐம்பத்திரண்டு வயசு. ஐ.டி.ஐ. முடித்து ஒரு லென்ஸ் கம்பெனியில் சேர்ந்த முதல் நாள், முப்பது பெண்களை வரிசையாக உட்கார வைத்து ஒரு கண்ணால் பார்க்கச் சொன்னபோது, இவளுக்கு வலது என்று எழுதிக்கொண்டார்கள், அன்றையிலிருந்து அதுதான் அவளுடைய வேலைக் கண். இடது வெறுமனே துணைக்கு. வேலைக் கண்ணை மாற்றக்கூடாது, மாற்றினால் கை தடுமாறும் என்று அங்கே எல்லாரும் சொல்வார்கள், அதை யாரும் மீறி அவள் பார்த்ததில்லை. அந்த ஒற்றைக் கண்ணால் இவ்வளவு தூரம் வந்தாள், வாடகைக்கு இந்த மாடி, வாசலில் பெயர்ப்பலகை, கோயம்புத்தூரில் ஸ்கோப் என்றால் காந்திபுரத்து அக்காகிட்ட போங்க என்று ஒரு பேச்சு. நாளைக்கு யாரோ ஒருத்தர் இன்னொருத்தரிடம், எங்கேயோ ஒரு காம்பவுண்டுச் சுவரில் கையை ஊன்றிக்கொண்டு, நல்ல பொம்பளைதான், ஆனா இப்பெல்லாம் கண்ணு போயிருச்சு என்று சொல்லுவார். சொல்லுகிற குரல்கூட அவளுக்குக் கேட்டது. அது அவளுடைய குரலாகவே இருந்தது. வெளியே டவுன் பஸ் ஒன்று ஹாரனை விடாமல் அடித்துக்கொண்டு திரும்பியது. சரி, முதலில் நேர் வைக்கிற வேலையை முடிப்போம், கண்ணாடி நல்லதோ கெட்டதோ, தூக்குநூலுக்கு நேர் வைத்துவிட்டு அப்புறம் யோசிப்போம் என்று எழுந்தாள். எழுந்தது நல்லதாயிற்று, கால் மரத்துப்போயிருந்தது.

கடைக்குப் பின்னால் நீளமான நடை, பதினைந்து மீட்டர், கடைசியில் வெள்ளையடித்த சுவர். அங்கே உத்தரத்தில் ஒரு ஆணி, ஆணியில் கறுப்பு நூல், நூலின் நுனியில் பித்தளைத் தூக்குக்குண்டு. குண்டு காற்றுக்கு ஆடாமலிருக்க அதைத் தண்ணீர் வாளிக்குள் இறக்கிவிடுவாள், தண்ணீர் அதைக் கொஞ்ச நேரத்தில் பிடித்து அடக்கிவிடும். புது கிராஸ் போட்டால் அதன் நெடுங்கோட்டை இந்த நூலோடு பொருத்தித்தான் இறுக்குவது, கோடு சாய்ந்திருந்தால் நாற்பது மீட்டரில் ஊசி எங்கேயோ போகும். வாளியை நிரப்பினாள், குண்டை இறக்கினாள், இந்தப் பக்கம் வந்து ஸ்கோப்பைத் தாங்கியில் படுக்க வைத்தாள். நூல் அடங்கவேண்டும். காத்திருந்தாள். இந்தக் காத்திருப்பு அவளுக்கு எப்போதும் பிடிக்கும், யாரும் எதுவும் கேட்காத மூன்று நிமிஷம், வாளித் தண்ணீரில் வட்டம் வட்டமாக அலை வந்து, சுவரில் வெயில் நெளிந்து மெல்ல மெல்ல நிற்கும். இன்றைக்கும் நின்றது. மனசும் அதோடு கொஞ்சம் நின்ற மாதிரி இருந்தது. இடது கண்ணை மூடினாள், வலது கண்ணை வைத்தாள். சிலுவையை நூலிலிருந்து வேண்டுமென்றே ஒரு விரல் தள்ளி வைத்து, முதலில் நூலை மட்டும் பார்த்தாள். நூல் நடுவுக்குக் கீழே வலப்பக்கம் லேசாகப் புடைத்துக்கொண்டு நின்றது.

அவள் கண்ணை எடுக்கவில்லை. சம்பத் தப்புப் பண்ணலாம், வளையம் நெரிக்கலாம், மேஸ்திரிக்குக் கை போகலாம், கால் கிலோ பித்தளையைக் கட்டித் தொங்கவிட்ட நூல் வளையாது. அது அவளுக்குத் தன் பெயர் தெரிகிற மாதிரி தெரியும். அப்புறம்தான் மணிக்கட்டைத் திருப்பி ஸ்கோப்பைத் தாங்கியிலேயே மெதுவாகச் சுற்றினாள், இனி சுற்றாமல் இருந்து என்ன. சிலுவை சாய்ந்தது, படுத்தது, மூன்று குட்டிக் கோடுகளும் பக்கவாட்டுக்குப் போயின, புடைப்பு போகவில்லை, நூலின் மேலேயே நின்ற இடத்தில் நின்றது. கண் டாக்டரப் பாருங்க. அழுகை வருமென்று நினைத்தாள், வரவில்லை, அந்தக் கோர்ட்டு மனிதர் ஏன் ஸ்டூலில் உட்கார்ந்திருந்தார் என்பது மட்டும் தெரிந்தது. அவளும் போய் அதே ஸ்டூலில் உட்கார்ந்தாள். ரொம்ப நேரம் இல்லை, பெருக்கின மூலையில் ஒரு எறும்பு வரிசை கதவு வரைக்கும் போய்ச் சேருகிற நேரம். வலி இல்லை, சிவப்பு இல்லை, இரண்டு கண்ணும் திறந்திருந்தால் ஒன்றுமே தெரிவதில்லை, இடது பாவம் இத்தனை நாளும் சத்தம் போடாமல் வலதுக்கும் சேர்த்துப் பார்த்துக் கொடுத்திருக்கிறது. எப்போதெல்லாம் இவள் வித்தை காட்டவென்று இடதை மூடினாளோ அப்போதெல்லாம் உலகத்தைக் கோணலாக்கினாள். அந்த நினைப்பில் சின்னதாகச் சிரிப்பு வந்தது, அசட்டுச் சிரிப்பு.

எழுந்து போய், முப்பத்திரண்டு வருஷத்தில் முதல் தடவையாக, வலது கண்ணைக் கையால் பொத்திக்கொண்டு இடது கண்ணை ஸ்கோப்பில் வைத்தாள். புருவம் எங்கே வைப்பது என்று தெரியவில்லை, மூக்கு இடித்தது, கன்னத்தில் இரும்பு சில்லென்றது. ஒளி வட்டம் ஆடி ஆடி வந்து நின்றது. நூல் நேராக இருந்தது. சிலுவையை நூலுக்குக் கொண்டுவந்தாள், நடு, முப்பது, நாற்பது, ஐம்பது, நாலும் ஒன்றின்கீழ் ஒன்றாக நூலின் மேல் போய் உட்கார்ந்தன, ஒரு புடைப்பு இல்லை, ஒரு நெளிவு இல்லை. சம்பத் பிரமாதமாகப் பொறித்திருந்தான். கை தடுமாறும் என்றார்களே, தடுமாறத்தான் செய்தது, வளையத்தை இறுக்க வழக்கமாக ஐந்து நிமிஷம் ஆகிற இடத்தில் இருபத்தைந்து நிமிஷம் ஆனது, வளையம் திருகுகிற சாவி இரண்டு தடவை நழுவியது, ஆனால் இறுகியது. டாக்டர் இளஞ்சேரன் வந்ததும் எந்தக் கண்ணால் வைத்தேன் என்று சொல்லிவிட்டு, அவரையே இந்த வாளியும் நூலும் வைத்துப் பார்க்கச் சொல்லவேண்டும் என்று நினைத்துக்கொண்டாள். அதை நினைக்கப் பயமாக இல்லை. பயமாக இருந்தது வேறு. போனை எடுத்தாள். முருகவேல் பெயர் முதலில் இருந்தது, அதைத் தாண்டினாள். சம்பத் பெயர் இருந்தது, அவனுக்கும் ஒரு வார்த்தை சொல்லவேண்டும், அப்புறம் சொல்லலாம். மேஸ்திரி என்று போட்டிருந்த இடத்தில் விரல் நின்றது.

"சொல்லுங்க்கா." பின்னால் கலவை மெஷின் ஓடிக்கொண்டிருந்தது, எங்கேயோ வேலையில் இருக்கிறார். அவருக்கு வேலை இருக்கிறது என்பதே அவளுக்கு ஆறுதலாக இருந்தது. "மேஸ்திரி, அந்த பாத்ரூம் டைல்ஸ்..." "ஏனுங்க, கழண்டுருச்சுங்களா?" "இல்லீங்க. கழலல. அது நேராத்தான் இருந்துச்சுங்க. மொதல்ல ஒட்டுனீங்களே, அதும் நேராத்தான் இருந்துருக்கும். என் கண்ணுலதான் கோளாறு. இன்னைக்குத்தான் தெரிஞ்சுது." அவர் மெஷினிலிருந்து தள்ளி நடந்து போவது கேட்டது. "வலது கண்ணுங்களா?" என்றார். "உங்களுக்கு எப்படித் தெரியும்?" "அன்னைக்கு நீங்க கோணல் எங்கன்னு காட்டறப்ப, நான் வெரல் வெக்க வெக்க கீழ கீழ போனீங்க. சுவத்துல இருக்கற கோணல் நகராதுங்க்கா. நீங்க எடது கண்ண மூடிட்டுத்தானே பாத்தீங்க, எனக்கு அப்பவே சந்தேகம்." "அப்ப ஏன் சொல்லல?" கேட்டுவிட்டாள், கேட்ட உடனே பதிலும் தெரிந்துவிட்டது. அவர் சிரித்த மாதிரி இருந்தது. "நூல் புடிச்சுக் காட்டியும் நீங்க நம்பலீங்களே. உங்க கண்ணு சரியில்லைன்னு சொல்லியிருந்தா விட்டுருப்பீங்களா? ஒடைக்கறது சுலுவுன்னு ஒடைச்சுட்டேன்." மூன்று மாசம். மூன்று மாசத்துக்கு முன்னால் டாக்டரிடம் போயிருக்கலாம். அவளுக்கு அவர்மேல் கோபம் வந்திருக்கவேண்டும், வந்ததெல்லாம் உளிச் சத்தம்தான், ஒவ்வொரு டைலாக, வீடு முழுக்க. "மேஸ்திரி, பக்கத்து வீட்டு அம்மாகிட்ட நான் ஒண்ணு சொல்லிட்டேனுங்க. உங்களப் பத்தி." "தெரியுங்க்கா." "தெரியுமா?" "அந்தம்மாவே சொன்னாங்க. கை போயிருச்சாமேன்னு கேட்டாங்க." அவர் அதைச் சாதாரணமாகத்தான் சொன்னார். அவளால் ஸ்டூலில் உட்கார முடியவில்லை. "இன்னைக்கு சாயங்காலமே போய் நானே சொல்லிடறேனுங்க. போனது என் கண்ணுன்னு." "அதெல்லாம் எதுக்குங்க்கா, அப்படிச் சொன்னா உங்க பொழப்பு கெட்ருமுல்லீங்க," என்றார் அற்புதராஜ். "டாக்டரப் பாருங்க மொதல்ல. நாளைக்குத் தள்ளாதீங்க. ஆஸ்பத்திரிக்குத் தொணைக்கு முருகவேல் அண்ணன் வருவாருங்களா?" வருவார் என்றாள். நடையின் கடைசியில் வாளிக்குள் குண்டு அசையாமல் கிடந்தது. வலது கண்ணால் பார்த்தாள், நூல் வளைந்திருந்தது, அதன் பக்கத்தில் சுவரும் கொஞ்சம் வளைந்திருந்தது. போனை மறு காதுக்கு மாற்றிக்கொண்டு, "சாயங்காலம் நான் ராஜலட்சுமியம்மா வீட்டுக்குப் போறேனுங்க மேஸ்திரி, போயிட்டுத்தான் கண் டாக்டர்கிட்டப் போவேன்," என்றாள்.